கையெழுத்துப் பிரதியும் நாமும்

தமிழில் கவிதை விமர்சனம் என்று நடந்துவருவது பெரும்பாலும் அச்சுப் பிரதியைப் பற்றிய விமர்சனம். ஒரு சொல்லின் இடத்தை வைத்து, ஒரு வரி முறிவை வைத்து, ஒரு இடைவெளியை வைத்து நாம் பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறோம். அந்த முறிவைச் செய்தது கவிஞனா, பிரதி எடுத்தவரா, பக்கத்தின் அகலமா என்று கேட்பதில்லை. இந்தக் கேள்வி ஆராய்ச்சிப் பண்டிதர்களுடையது, படைப்பு சார்ந்தவர்களுக்கு இது தேவையில்லை என்ற மனோபாவம் நம் வட்டத்தில் உண்டு. அது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். சொல்லப்போனால், கவிதையில் மரபான யாப்பு நீங்கிய அன்றே இந்தக் கேள்வி பண்டிதர்களிடமிருந்து நம் கைக்கு வந்துவிட்டது. வெண்பாவில் அடி எங்கே முடிகிறது என்பதை எவரும் கண்டுபிடித்துவிடலாம். தளை காட்டிக் கொடுக்கும். புதுக்கவிதையில் அடி முடிகிற இடத்துக்குக் கவிஞனின் கையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

1

பாரதியிலிருந்து ஆரம்பிக்கலாம். 1920ல் கடயத்தில் இருந்தபோது, புதுச்சேரி வாசத்தில் சேர்ந்த தம் கையெழுத்துப் பிரதிகளை 40 புத்தகங்களாக, புத்தகத்துக்கு 10,000 பிரதிகள் வீதம் வெளியிட அவர் திட்டமிட்டார். அதற்குப் பணம் கடனாகக் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கையும் விடுத்தார். பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் இறந்தார். இந்தத் திட்டத்தைத் தமிழன் கவிஞனைக் கைவிட்ட கதையாகச் சொல்லிச் சொல்லி நாம் கண்ணீர் விட்டாயிற்று. அதன் இன்னொரு விளைவை யாரும் பேசுவதில்லை: 40 புத்தகங்களுக்கும் பாரதியின் கண் அச்சுத் தாளில் படாமல் போயிற்று. எதை முதலில் வைப்பது, எதற்கு என்ன தலைப்பு, எது முடிந்தது, எது குறிப்பு மட்டும் என்ற தீர்மானங்கள் அத்தனையும் பிறர் கைக்குப் போயின.

பாஞ்சாலி சபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாகம் 1912ல் பாரதி இருக்கும்போதே அச்சானது. இரண்டாம் பாகம் வெளிவந்தது 1924ல். ஒரே காவியம், ஆனால் அதன் முன்பாதிக்கு ஆதாரம் கவிஞன் பார்த்த அச்சு, பின்பாதிக்கு ஆதாரம் அவன் விட்டுப்போன தாள். விமர்சகர்கள் இரண்டையும் ஒரே தளத்தில் வைத்து, பின்பாதியில் வேகம் கூடுகிறது, நடை மாறுகிறது என்கிறார்கள். கூடியிருக்கலாம், மாறியிருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கிற சாட்சியம் ஒரே தரத்தது அல்ல என்ற பிரக்ஞை அவர்கள் எழுத்தில் இல்லை.

இதைவிட நமக்கு நெருக்கமானது வசன கவிதை. காட்சி, சக்தி, காற்று, கடல், ஜகத் சித்திரம், விடுதலை என்று ஆறு பகுதிகளாக இன்று அது அச்சில் நிற்கிறது. கடைசி இரண்டும் நாடக உருவில் அமைந்தவை. அவையும் ஏன் அந்தத் தலைப்பின் கீழ் வருகின்றன என்று கேட்டால் 'அப்படித்தான் இருக்கிறது' என்பதற்கு மேல் பதில் சொல்பவர் குறைவு. ந. பிச்சமூர்த்தி தம் புதுக்கவிதை முயற்சிக்கு விட்மனோடு பாரதியின் வசன கவிதையையும் தூண்டுதலாகச் சொன்னார். 1959ல் 'எழுத்து' தொடங்கியபின் நடந்த சண்டைகளில், அது கவிதையா வசனமா என்பது ஓயாத கேள்வி. இரு தரப்பும் அச்சுப் பக்கத்தையே பார்த்துப் பேசினார்கள். ஆனால் கேள்வி பிரதியில் அல்லவா தொடங்க வேண்டும்? வாக்கியம் தாளின் ஓரம் வரை ஓடி, இடமில்லாமல் கீழே இறங்கியதா? அல்லது இடமிருந்தும் பாரதி பேனாவை எடுத்து அடுத்த வரிக்குப் போனாரா? முன்னது வசனத்தின் நடை. பின்னது கவிஞனின் தீர்மானம். நம் புதுக்கவிதையின் பூர்வீகமே இந்த ஒரு வித்தியாசத்தில் தொங்குகிறது.

பாரதியைப் பொறுத்து உழைப்பு நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் மறைந்த பின் செல்லம்மாள் 1922ல் பாரதி ஆச்ரமம் மூலம் சில நூல்களைக் கொண்டுவந்தார். பின்னர் தம்பி சி. விசுவநாதன் முதலானோரின் பாரதி பிரசுராலயம். 1949ல் சென்னை அரசாங்கம் உரிமையை வாங்கியது. 1955ல் அது பொதுவானது. பெ. தூரன் 1953ல் சுதேசமித்திரன் கோப்புகளைப் புரட்டி 'பாரதி தமிழ்' தொகுத்தார். ரா.அ. பத்மநாபன், இளசை மணியன், பாரிஸ் வரை போன 'விஜயா' இதழ்களைத் தேடிப் பிடித்த ஆ.இரா. வேங்கடாசலபதி, கால வரிசை என்ற ஒரே வைராக்கியத்தில் வாழ்நாளைச் செலவழித்து 2024ல் 23 தொகுதிகளாக முடித்துத் தந்த சீனி. விசுவநாதன் என்று பெயர்கள் நீளும். 1987ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பாடல்களுக்கு ஆய்வுப் பதிப்பும் போட்டது. இவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரியது. ஆனால் இந்த உழைப்பின் பெரும்பகுதி பழைய பத்திரிகை அச்சைத் தேடிப்போன உழைப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். எஞ்சியிருக்கும் பாரதியின் தாள்கள் அனைத்தும் பக்கத்துக்குப் பக்கம் புகைப்படமாக, எதிரே வரிக்கு வரி படியுடன், ஒரே தொகுதியாக ஒரு சாதாரண வாசகன் மேஜைக்கு வந்து சேரவில்லை.

2

இதைக் கேட்பது மேல்நாட்டு மோகம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு எலியட் தெரியும், டிக்கின்ஸன் தெரியும், பி.ஏ.யில் ஆங்கிலம் படித்தவன் அதைத்தான் சொல்வான் என்பார்கள். சொல்லத்தான் போகிறேன், ஆனால் அதற்கு முன் நம் வீட்டுச் சொத்தைப் பார்ப்போம்.

ஏட்டுச் சுவடியில் புள்ளி இல்லை. பழைய முறையில் எகரக் குறிலுக்குத்தான் புள்ளி. ஓலை கிழிந்துவிடும் என்று அதை வைப்பதில்லை. ஆகவே 'எரி'யும் 'ஏரி'யும் ஓலையில் ஒரே உருவம். ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். நெருப்பா, நீரா என்பதைப் பதிப்பாசிரியர் தீர்மானிக்க வேண்டும். 1887ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் இப்படி ஆயிரக்கணக்கான இடங்களில் தீர்மானித்தார். தீர்மானித்ததோடு நில்லாமல், வேறு ஏட்டில் வேறு பாடம் இருந்தால் அதையும் அடியில் போட்டார். தன் தீர்ப்பைச் சொல்லி, தீர்ப்பை மறுக்கத் தேவையான சாட்சியத்தையும் எதிராளி கையில் கொடுப்பது என்ற அந்த நாணயம்தான் பாடபேதம் என்பதன் அர்த்தம்.

நூற்றாண்டுகளைத் தாண்டி வந்த ஒரு புலவனுக்கு இந்த மரியாதையைத் தந்த மொழி, நேற்று இறந்த கவிஞனுக்குத் தரவில்லை. ஏட்டுக்கு இருந்த ஐயம் காகிதத்துக்கு இல்லை என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது. புதுமைப்பித்தன் 1948ல் இறந்தார். பாடவேறுபாடுகளோடு கூடிய கதைத் தொகுப்பு 2000ல்தான் வந்தது. கதைக்கே இந்த நிலை.

இனி டிக்கின்ஸன். அவர் 1886ல் இறந்தபின் பெட்டியில் கிடைத்தவை தைத்த சிறு கட்டுகளும் தளர்ந்த தாள்களும். 1890ல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தவர்கள் அவருடைய கோடுகளை நீக்கினார்கள், தலைப்புகள் சூட்டினார்கள், எதுகையைச் சீர்செய்தார்கள். நல்லெண்ணத்தோடுதான். 1955ல் ஜான்ஸன் பதிப்பு வந்த பிறகே அந்தக் கோடுகள் மூச்சு என்று தெரிந்தது. 1981ல் கையெழுத்துக் கட்டுகளே புகைப்படமாக வெளிவந்தன. எலியட்டின் 'பாழ் நிலம்' வரைவுகள் நியூயார்க் நூலகம் ஒன்றில் இருப்பது 1968ல் தெரியவந்து, 1971ல் அச்சாயின. பவுண்டின் பென்சில் வெட்டியது எவ்வளவு என்று அன்றுதான் உலகம் பார்த்தது. அதன் பிறகு அந்தக் கவிதையின் துண்டு துண்டான அமைப்பைப் பற்றிப் பேசுகிறவர், ஒரு தனி மனதின் சிதறல் என்று மட்டும் பேசிவிட முடியாது.

கவிஞனின் நோக்கம் விமர்சனத்துக்குத் தேவையில்லை என்ற விம்ஸட், பியர்ட்ஸ்லி வாதத்தைச் சிலர் இங்கே எடுத்துவருவார்கள். அதை நானும் ஏற்பவன். ஆனால் அது என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. நோக்கம் வேண்டாம், சொல் மட்டுமே போதும் என்கிறவனுக்குச் சொல் சரியாக இருக்க வேண்டிய அவசியம் மற்றவர்களைவிட அதிகம்.

3

படியெடுப்பதில் எனக்குச் சிறிது அனுபவம் உண்டு. மறைந்த ஒரு கவிஞரின் இரண்டு லாங் ஸைஸ் நோட்டுகளை, குடும்பத்தார் ஒரு நூலகத்தில் ஒப்படைத்தபின், விடுமுறை நாட்களில் போய்ப் படியெடுத்தேன். கவிஞர் பெயர் இங்கு வேண்டாம், வேலை முடியவில்லை. அதில் தெரிந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் பிரச்னை அடித்தல். ஒரு வரியில் 'வெயில்' என்று எழுதி அடித்து, மேலே 'வெய்யில்' என்று எழுதி, அதையும் அடித்து, பக்கத்தில் மறுபடி 'வெயில்' என்று இருக்கிறது. அச்சுக்குப் போகிற பிரதியில் ஒரே ஒரு 'வெயில்' நிற்கும். எதுவும் நடக்காதது போல. ஆனால் நடந்திருக்கிறது. வெயில் என்றால் ஒரே நிரையசை. வெய்யில் என்றால் நேர், நேர் என்று இரண்டாகப் பிரியும். யாப்பை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்ட ஒரு கவிஞர், ஒரு அசை நீளத்துக்காகப் போய்த் திரும்பி வந்திருக்கிறார். புதுக்கவிதைக்காரர்களுக்குக் காது கிடையாது என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்க்கவில்லை. அந்தப் பதில் அடித்த சொல்லில்தான் இருக்கிறது.

நான் வங்கிக் கவுண்ட்டரில் உட்காருகிறவன். காசோலைகள் இப்போது படமாக அனுப்பப்பட்டுத் தீர்வாகின்றன; தாள் பயணம் செய்வதில்லை. அப்படி ஆனபின், தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு எந்தத் திருத்தமும் அதில் செல்லாது; ஒரு எழுத்தை அடித்தாலும் புதுத் தாள் எழுத வேண்டும். காசோலைக்கு இது சரியான விதி. நம் பதிப்பாளர்கள் கவிதைக்கும் அதே விதியை வைத்திருக்கிறார்கள். திருத்தம் என்றால் கறை, சுத்தப் பிரதியே செல்லும். கவிதையில் விதி நேர்மாறு. திருத்தம் இருக்கிற தாள்தான் அதிகம் பேசும்.

இரண்டாவது, வரி. ஒரு வரி நீண்டு ஓரத்தில் இடமில்லாமல் கடைசிச் சொல் கீழே இறங்கினால், அது மடிந்த வரியா, தனி வரியா? இதற்கு நான் கண்ட வழி, அதே பக்கத்தில் ஓரத்தை எட்டாத வரிகளின் தொடக்கம் எங்கே என்று பார்ப்பது. மடிந்த சொல்லை அவர் சற்று உள்ளே தள்ளி எழுதுகிறார். புது வரியை ஓரத்திலிருந்தே தொடங்குகிறார். ஆனால் ஐந்து இடங்களில் எதுவும் தெரியவில்லை. அவற்றை நான் தீர்மானிக்காமல், சந்தேகம் என்று குறியிட்டு விட்டேன். ஐந்து சந்தேகங்களை அப்படியே விட்டுவைப்பது படியெடுப்பவனின் வேலையில் ஒரு பகுதி.

மூன்றாவது, எழுத்து. இங்கே ஒரு பிரிவினை அவசியம். 1978 அரசாணையால் வழக்கொழிந்த பழைய லை, ணை, றா, னா வடிவங்களை இன்றைய வடிவத்தில் எழுதுவது திருத்தமல்ல; உருவம்தான் மாறியது, எழுத்து அதேதான். ஆனால் 'தண்ணி' என்று எழுதியிருப்பதைத் 'தண்ணீர்' என்றோ, விட்டுப்போன ஒற்றைச் சேர்த்தோ, 'ஸ'வைச் 'ச'வாக்கியோ எழுதுவது கவிதையில் கை வைப்பது. ஒற்று மிகாத இடம் சில கவிஞர்களுக்குக் கவனக்குறைவு, சிலருக்கு நிறுத்தம். எது எது என்பதைப் பிறகு வருகிறவர் விவாதிக்கலாம், விவாதிக்க ஏதாவது மிச்சம் இருந்தால்.

நான்காவது, பின்பக்கம். கவிதைக்குப் பின்னால் பால் கணக்கு இருந்தது. மாதமும் வருஷமும் போட்டிருந்தது. தேதியில்லாத ஒரு கவிதைக்குக் காலம் கிடைத்தது பால்காரரால். 'கவிதையை மட்டும்' கிழித்தெடுத்து வைத்திருந்தால் அது போயிருக்கும்.

4

தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் கவிஞர்கள் எழுதிய நோட்டுத்தாள் மரக்கூழில் செய்தது. அதில் கலந்த அமிலமே அதை மஞ்சளாக்கி ஒடிக்கிறது. இது பூச்சியைவிடப் பெரிய எதிரி. கள்ளிக்குப்பத்தில் புழல் ஏரியும் கொரட்டூர் ஏரியும் இருக்கிற பக்கத்து ஈரத்தில், ஐப்பசி கார்த்திகையில் என் அலமாரியின் பின்வரிசைப் புத்தகங்களுக்குப் பூஞ்சை வராத வருஷம் இல்லை. சென்னையில் எந்த வீடும் இதற்கு விலக்கல்ல.

அன்பினால் செய்யும் சேதம் இன்னும் மோசம். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுகிறார்கள். சில வருஷத்தில் டேப் உதிர்ந்து பசை மட்டும் பழுப்புக் கோடாகத் தாளில் இறங்கிவிடும், மையையும் இழுத்துக்கொண்டு. குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். பிளாஸ்டிக் லாமினேஷன் செய்தால் திரும்ப எடுக்க முடியாது. முதல் உதவி எளியது: பின்களை நீக்குவது, அமிலமற்ற தாள் உறையில் தட்டையாக வைப்பது, வெயிலும் ஈரமும் படாத இடம், பக்க எண் போட வேண்டுமானால் மென்மையான பென்சில். கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் என்று தெரிந்தவர்கள் செய்வார்கள். பிறகு தண்ணீரில் நீக்கிவிடலாம். எதைச் செய்தாலும் திரும்ப எடுக்கக்கூடியதாகச் செய் என்பது அந்தத் தொழிலின் தர்மம். பதிப்பாளர்களும் கற்கலாம்.

ஸ்கான் செய்துவிட்டால் போதாதா என்பார்கள். படம் அவசியம், வெற்றுப் பக்கங்கள் உட்பட, இரு பக்கமும். ஆனால் படத்தில் பேனாவின் அழுத்தம் தெரியாது, அழித்த பென்சில் பள்ளம் தெரியாது. படமாகப் போன காசோலையின் தாளையே வங்கிகள் பத்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஐந்நூறு ரூபாய்க் காசோலைக்கு உள்ள பாதுகாப்பு ஒரு கவிதைக்கு இல்லை.

5

கடைசியாக, யாருடைய பொறுப்பு? அரசு நாட்டுடைமை ஆக்குகிறது. அந்தச் சொல் குறிப்பது நூல்களை அச்சிடும் உரிமையை. தாளைக் காக்கும் கடமை அதற்குள் தானாக வந்துவிடாது. இன்னொன்று: ஆசிரியர் இறக்கும்வரை வெளிவராத படைப்புக்கு, நம் பதிப்புரிமைச் சட்டப்படி அது வெளியான வருஷத்திலிருந்தே 60 ஆண்டு கணக்கு. அதாவது பெட்டியில் கிடக்கிற கவிதைக்குக் காலம் இன்னும் ஓடத் தொடங்கவேயில்லை. குடும்பம் மனம் வைக்காவிட்டால் எதுவும் நடக்காது. குடும்பத்தைக் குறை சொல்வது சுலபம். ஒரு பெட்டியை முப்பது வருஷம் வாடகை வீடுகள் தோறும் தூக்கிச் சென்றவர்கள் அவர்கள்தான், நாமல்ல.

தனி மனிதர்கள்தான் இங்கே எதையும் காப்பாற்றியிருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்தது, அவர் 1992ல் இறந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கி இங்கேயே வைத்ததால் நூலகமாயிற்று. எங்கள் பக்கத்து முகப்பேரில் இருந்து பின்னர் தரமணிக்குப் போயிற்று. ஆத்மாநாமுக்கு வாழ்நாளில் வந்தது 1981ன் 'காகிதத்தில் ஒரு கோடு' ஒன்றுதான். 1984ல் அவர் மறைந்தபின் மற்றவை பிரம்மராஜனின் தொகுப்பு வழியாக நம்மை வந்தடைந்தன. 1997ல் மறைந்த பிரமிளுக்குக் கால சுப்ரமணியம். இந்த நண்பர்கள் இல்லாவிட்டால் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் நட்பு ஒரு ஸ்தாபனம் ஆகாது. நண்பனுக்கும் வயதாகிறது.

ஆகவே இந்த வட்டத்துக்கு என் யோசனைகள் சில. ஒரு கவிஞரின் தொகுப்பைப் பதிப்பிக்கிறவர், ஒவ்வொரு கவிதைக்கும் ஆதாரம் அச்சா, கையெழுத்தா, டைப் பிரதியா என்று ஒரு வரி போடட்டும். தாம் மாற்றிய இடங்களைச் சொல்லட்டும். மூலத் தாளைப் பதிப்பு முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போகாமல், பட்டியலிட்டு ஒரு நூலகத்தில் சேர்க்கட்டும். மதிப்புரை எழுதுகிறவர்கள் இந்த விவரம் இல்லாத தொகுப்பை, கவிஞர் எவ்வளவு பெரியவரானாலும், குறைப் பதிப்பு என்று எழுதட்டும். கவிஞர்களுக்கும் ஒன்று: தேதி போடுங்கள். அடித்த தாளைக் கசக்கி எறியாதீர்கள். செல்போனில் நேரடியாக எழுதுகிறவர்கள், திருத்துமுன் பழைய வடிவத்தைத் தனியாக வையுங்கள். அங்கே அடித்தலுக்குத் தழும்புகூட இருப்பதில்லை.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. இவ்வளவு நாள் செய்யாததற்குப் பணம் காரணம் என்று சொல்வதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம்.